வெந்துபோன வளையம்

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறாள், வீட்டிலேயே மெஷின் ரிப்பேர் பார்க்கும் என் மருமகள். பல்பு வெளிச்சத்தை அவள் நம்புவதே இல்லை. "மஞ்ச பல்பு பொய் சொல்லும், அத்தை. வெயில் சொல்லாது." விரல் நுனியில் அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. இரண்டு பக்கமும் கம்பி மீசை, உடம்பெல்லாம் வண்ண வளையங்கள். ரெசிஸ்டர் என்பார்கள். மெஷினுக்குள் கரண்ட் இவ்வளவுதான் போகலாம் என்று மறித்து நிற்கும் காவல்காரன் இந்தப் பொடியன்தான்.

தங்க வளையத்தை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு படிப்பாள். நிறத்துக்கு ஓர் எண். மூன்றாவது வளையம் மட்டும் எத்தனை சைபர் என்று சொல்லும். எழுத்தே இல்லாமல் ஒரு படிப்பு! எனக்குப் புரியட்டும் என்று சிவப்புக்குத் தக்காளி, பழுப்புக்குக் காப்பித்தூள் என்று பெயர் வைத்திருக்கிறாள். துணிக்கொடியில் நான் மாட்டிய கிளிப்புகளைக்கூட விடமாட்டாள். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வரிசையாய் இருந்தால், "அத்தை, இன்னைக்கு நாலாயிரத்து எழுநூறு காயப்போட்டிருக்கீங்க!" என்பாள். என் பிள்ளையோ சாக்ஸுக்கு ஜோடி சேர்க்கத் தெரியாதவன்.

போன வாரம் கீழ்வீட்டு பஸ் கண்டக்டர் மனைவியோடு வந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆனவர். கழுத்தில் ஒரு சின்ன மெஷினை அழுத்தினால்தான் பேச்சு வரும். சார்ஜ் போட்டபோது அது புகைந்துவிட்டது. நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.

"வீடு எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா!" என்று சிரித்தாள் அவர் மனைவி. சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "சாயங்காலம் மக போன் பண்ணுவா, கண்ணு. அப்பா குரலைக் கேக்காம வைக்க மாட்டா. ஆபத்துன்னு நெனச்சிடுவா."

மருமகள் மெஷினைத் திறந்து, கருகியிருந்த ரெசிஸ்டரைக் கழற்றினாள். மீட்டரை வைத்தாள், முள் அசையவில்லை. உயிர் போனதிடம் மீட்டர் என்ன கேட்கும்? இனி நிறம் சொன்னால்தான் உண்டு. ஜன்னலுக்குப் போனாள். முதல் இரண்டு வளையம் தக்காளி. மூன்றாவது?

"காப்பித்தூள்," என்றேன் நான்.

"நல்லாப் பாருங்க அத்தை. காப்பித்தூள்னா ஒரு சைபர், தக்காளின்னா ரெண்டு. காப்பித்தூள்னு நம்பிப் போட்டு, அது தக்காளியா இருந்துச்சுன்னா, பத்து மடங்கு கரண்ட் பாயும். மெஷின் மொத்தமும் போயிடும்."

"எத்தனை தரம் பார்த்தாலும் காப்பித்தூள்தான். என் கண்ணுக்கு என்ன கேடு?"

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. அதைப் புரட்டினாள். நகத்தால் கரியை மெல்லச் சுரண்டினாள். "மேல் பக்கம் வெந்துடுச்சு. போர்டை ஒட்டி இருந்த பக்கம் அவ்வளவா கருகல. தக்காளிதான், சூட்டுல காப்பித்தூள் ஆயிருக்கு." எரிவதற்கு முன் அது என்ன நிறமாய் இருந்ததோ, அதைப் படிக்கிறாள்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருந்தாலும் காப்பித்தூள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டப்பாவிலிருந்து மூன்று தக்காளி எடுத்துப் பற்றவைத்தாள், அதாவது மூன்று வளையமும் சிவப்பாய் உள்ள ஒரு ரெசிஸ்டரை. மூடியை முடுக்கி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாள். புகை வரவில்லை. கண்டக்டர் கழுத்தில் வைத்து அழுத்தினார். வண்டு முரல்வது போல ஒரு சத்தம். அப்புறம் குரல்.

"வீடு அமைதியா இருந்துச்சாம்ல? கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மருமகள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். கருகிய அந்தத் துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள், அவ்வளவாகக் கருகாத அடிப்பக்கம் மேலே தெரியும்படி.