ஏரி வறண்ட வருஷங்களில் வந்த கோப்பைகள்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரின் கட்டுரையை மங்கலமாக ஆரம்பிக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். மங்கலமாக எழுத எனக்கு மனசு வரவில்லை. அவருடைய தங்கை என்ற உரிமையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பயிற்சி கொடுத்த கல்லூரிக் கால்பந்து அணி தேசிய அளவில் வாங்கிய கோப்பைகளும் விருதுகளும் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் ஆட ஒரு மைதானம் வேண்டும் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்ததும், அது கிடைக்காமலே போனதும் பலருக்குத் தெரியாது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா ஏரிக்குக் கீழே குத்தகைக்கு நிலம் பிடித்து நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டார். அம்மா ஊரார் கழனிக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். அண்ணன் மூத்தவர், நான் இளையவள். விழுப்புரத்தில் அரசு விடுதியில் தங்கிப் படித்தபோதுதான் அவருக்குப் பந்தாட்டப் பைத்தியம் பிடித்தது. விடுமுறைக்கு வந்தால் தேங்காய் மட்டையைக்கூட விடமாட்டார், எத்திக்கொண்டே நடப்பார். அந்தப் பைத்தியத்தையே படிப்பாக்கிக்கொண்டு உடற்கல்விப் பயிற்சி முடித்தார்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தொகுப்பூதியம்தான். கல்லூரியில் பந்து இருந்தது, வலை இருந்தது, மைதானம் மட்டும் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் எருமை படுக்கிற ஒரு பள்ள நிலம் கிடந்தது, அவ்வளவுதான். அண்ணன் தாளாளரிடம் போய்க் கேட்டார். "மொதல்ல ஒரு கப்பு கொண்டாங்க சார், கிரவுண்டு தானா வரும்" என்றார் அவர். அண்ணன் அதை அப்படியே நம்பினார். அவருக்கு நம்பத்தான் தெரியும்.

அதனால் எங்கள் ஊர் ஏரிதான் மைதானமானது. தண்ணீர் வற்றியதும் வெடித்துக் கிடக்கும் வண்டலைச் சமப்படுத்தி, சவுக்குக் கழி நட்டு கோல் கம்பம் ஆக்கி, ரைஸ் மில்லில் இருந்து உமிச் சாம்பல் கொண்டுவந்து கோடு போடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வெறுங்கால்தான். ஆட்டம் முடிந்து வந்தால் அம்மா அண்டாவில் மல்லாட்டை அவித்து வைத்திருப்பார். ஒரு பிடிகூட மிஞ்சாது.

இதில் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். பெரிய போட்டிகள் எல்லாம் மார்கழி, தை மாதங்களில் வரும். அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் மழையும் வரும். ஏரி நிரம்பினால் அப்பாவுக்கு நெல் உண்டு, அண்ணனுக்கு ஆட இடம் இல்லை. ஏரி வறண்டால் அண்ணன் கோப்பையோடு வருவார், அப்பா வெறுங்கையோடு வருவார். ஒரு வருஷம் ஏரி நிரம்பி வழிந்து கோடி போய், ஊரே மதகுக்குப் பொங்கல் வைத்து ஆடு வெட்டிக் கொண்டாடியது. அண்ணன் மட்டும் கரைமேல் உட்கார்ந்து தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரே சிரிக்குது, எம் புள்ள மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கெடக்குறான் பாரு" என்றார் அப்பா. "நீ வேற ஏம்பா! கப்பு போச்சே" என்றார் அண்ணன். அப்பாவே சிரித்துவிட்டார். அந்த வருஷம் அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது.

வறண்ட வருஷங்களில் வந்தவை பெரியவை. கல்கத்தாவில் நடந்த அகில இந்தியக் கல்லூரி அணிகளின் போட்டியில் முதலில் இரண்டாம் இடம், பின்னொரு வருஷம் முதல் இடம். ஒழுங்கான ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு கேடயம். எங்கள் அம்மா கையால் மல்லாட்டை தின்ற இரண்டு பிள்ளைகள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டு அணிக்குத் தேர்வானார்கள். அதில் ஒருவர் செல்வமணி, அணித் தலைவர், இப்போது ரயில்வேயில் இருக்கிறார். சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் தன் அணிக்குப் பயிற்சி தர அண்ணனை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டது. அண்ணி போகச் சொல்லி அழுதார். நானும் வாழ்க்கைப்பட்ட கோலியனூரில் இருந்து பஸ் ஏறி வந்து சண்டை போட்டேன்.

"ஏண்ணா, தேடி வர்ற வேலைய எவனாவது வுடுவானா?"

"இன்னும் ஒரு விருது வந்துட்டா கிரவுண்டு குடுத்துடுவாங்கம்மா. புள்ளைங்களுக்கு ஒரு எடத்தப் பண்ணிக் குடுத்துட்டு ஜல்தியா போய்டுறேன்."

அந்த விருதும் வந்தது. நாட்டிலேயே சிறந்த கல்லூரிக் கால்பந்து அணி என்று டெல்லிக்கு அழைத்தார்கள். தாளாளர் விமானத்தில் போனார். அண்ணனும் செல்வமணியும் ரயிலில் போனார்கள். மேடையில் தாளாளர் வாங்கினார், அண்ணன் கீழே நின்று கை தட்டினார். திண்டிவனம் பஸ் நிலையத்தில் வைத்த பேனரில் தாளாளர் படம் பெரிதாகவும், பிள்ளைகள் படம் தபால்தலை அளவிலும் இருந்தது. அண்ணன் படம் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. நேரே தாளாளர் அறைக்குப் போய் மைதானத்தைப் பற்றிக் கேட்டார்.

"பின்னாடி இருக்கிற பள்ளத்துக்கு மண்ணு அடிச்சா கிரவுண்டு ரெடி சார். மண்ணுக்குத்தான் எங்க போறது?" என்றார் தாளாளர்.

"எங்க ஊரு ஏரியில இருக்குதுங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் குடும்பத்தைச் சாய்த்தது.

மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அண்ணன் கைகூப்பி நின்று கேட்டார். "நம்ம புள்ளைங்க டெல்லி வரைக்கும் போய் வந்துட்டாங்க, அவங்க ஆட ஒரு எடம்" என்றார். ஏரி ஆழமானால் தண்ணீர் கூட நிற்கும், நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார், முதலில் கையைத் தூக்கியவரே அவர்தான். அனுமதியெல்லாம் கல்லூரி பார்த்துக்கொண்டது. பொக்லைன் வந்தது, லாரிகள் வந்தன. பிள்ளைகள் ஆடிய இடத்திலேயே கிணறு கிணறாகத் தோண்டி எடுத்துப் போனார்கள். பள்ள நிலம் மேடானது. அண்ணன் அதன்மேல் சாம்பலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அப்படி ஒரு சந்தோஷமான குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தக் கோட்டின் மேல்தான் பில்லர் குழி தோண்டினார்கள். அண்ணன் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "அவார்டு வந்ததுல அட்மிஷன் எகிறிடுச்சி சார், கிளாஸ் ரூம் பத்தல. கிரவுண்டு பின்னாடி பாக்கலாம்" என்று பதில் வந்தது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த விருதே அவர்கள் மைதானத்தைத் தின்றுவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது!

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. ஏரிக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளங்களில் போய் நின்றுகொண்டது. மதகு மேலே இருந்தது, தண்ணீர் கீழே கிடந்தது. கழனிக்கு ஒரு சொட்டு பாயவில்லை. நெல் கருகியது. டீக்கடையில் அண்ணன் காதுபடவே ஒருவர், "வாத்தியாரு பேச்சக் கேட்டுத்தானே மண்ணெடுக்க வுட்டோம், இப்ப எல்லாருக்கும் பேஜாரா பூட்ச்சி" என்றார். பொய் சொல்லவில்லை அவர். அன்றிலிருந்து அண்ணன் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. அப்பா குத்தகையை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனார். அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது அண்ணனுக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது. கொஞ்ச காலத்தில் அப்பா கண்ணை மூடிவிட்டார்.

ஏரியின் மேற்கு மூலையில் பள்ளம் விழாத ஒரு துண்டு இடம் இருந்தது, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அண்ணன் தினமும் அரிவாளோடு போய் அதை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம் அது. ஒரு முள் உள்ளங்காலில் ஏறியது. சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். ஒற்றைக் காலோடு பந்தாட்டம் எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று கல்லூரி அவரை நிறுத்திவிட்டது. அணியையும் கலைத்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தைரியம் சொல்லலாம் என்று நான் ஒருநாள், "எல்லாம் சரியாப் பூடும்ணா" என்றேன். "எதும்மா சரியாகும்? காலு மொளைக்குமா, ஏரி தூர்ந்துக்குமா?" என்றார்.

காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்தில் கலந்து, அண்ணி மடியில் உயிர் பிரிந்தது.

கார்த்திகை மழை. எங்கள் சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். காலங்காலமாக ஏரிக்குள் ஓரமாக இறங்கித்தான் தூக்கிப் போவார்கள். இப்போது வழியெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் தண்ணீர். கல்லூரி வளாகத்தின் வழியாகப் போகலாம் என்று கேட்டைத் தட்டினோம். "எக்ஸாம் நடக்குதும்மா, மோளம் அடிச்சிக்கினு உள்ள வரக் கூடாதாம்" என்றார் வாட்ச்மேன். மேளத்தை நிறுத்தச் சொன்னோம். "பாடியே வரக் கூடாதுன்னுட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். அண்ணன் ஊரிடம் கைகூப்பிக் கேட்டுப் போட்ட மண் அது. அதன்மேல் அவரைத் தூக்கிக்கொண்டு போக விடவில்லை.

செல்வமணியும் மற்ற பிள்ளைகளும் பாடையை வாங்கிக்கொண்டார்கள். பேண்ட் சட்டையோடு பள்ளத்தில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர், சில இடத்தில் மார்பளவு. ஒருவர் வழுக்கினால் இன்னொருவர் தோள் கொடுத்தார். அண்ணன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அக்கரை சேர்த்தார்கள். கரையில் நின்ற அம்மா, "எம் புள்ளைய பத்திரமா எடுத்துக்கினு போங்கடா கண்ணுங்களா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் புண்ணைக் கட்டிய செவிலியர்களுக்கும், கழனி கருகிய கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காரியத்துக்கு வந்து நின்ற ஊர்ப் பெரியவர்களுக்கும், கடைசிவரை உடனிருந்த அண்ணிக்கும், அவரைத் தாங்கிக்கொண்ட அண்ணியின் பிறந்த வீட்டாருக்கும் நன்றி. கல்லூரியில் இருந்து ஒரு மாலை வந்தது, அதையும் பெற்றுக்கொண்டோம். கோப்பைகளுக்குப் பக்கத்தில் மாட்ட அண்ணன் படம் ஒன்று கேட்டு இப்போது ஆள் அனுப்பியிருக்கிறார்கள். "படம் மாட்ட செவுரு கெடச்சிதா அவங்களுக்கு? புள்ளைங்க ஓட ஒரு எடம் கெடைக்கலியா?" என்றார் அம்மா. படம் கொடுக்கவில்லை.

முதலாண்டு நினைவாக மலர் போட வேண்டும் என்பது எங்கள் எண்ணமாக இருக்கவில்லை. அண்ணன் பெயரில் ஒருநாள் பந்தாட்டம் நடத்த வேண்டும் என்றுதான் செல்வமணியும் மற்றவர்களும் வந்தார்கள். கல்லூரியில் கேட்டார்கள், இருக்கிற வெற்றிடத்தில் பஸ்கள் நிற்கின்றனவாம். ஏரியைப் போய்ப் பார்த்தார்கள், கால் வைக்க இடமில்லை. விழுப்புரத்தில் வைக்கலாம் என்றார்கள், அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. எங்கள் ஊரைச் சுற்றி ஒரு வாரம் அலைந்துவிட்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பிறகு செல்வமணிதான், "எங்கயும் எடமில்லக்கா, ஒரு புஸ்தகமாவது போட்டுடலாம்" என்றார். அப்படிப் போட்டதுதான் உங்கள் கையில் இருக்கிறது.