கேபினெட் மாற்றிய நாள்

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில்தான் சேலை பார்டருக்கும் முந்தானைக்கும் நான் டிசைன் போடுகிறேன். பின்பக்கக் கொட்டகையில் வீட்டுக்காரர் பவர்லூம் ஓட்டுகிறார். போன வருடம் கம்ப்யூட்டரின் பவர் பட்டன் உள்ளே அழுந்தி, வெளியே வரவேயில்லை. திருப்பதியில் புதுக் கேபினெட், அதாவது வெளிப்பெட்டி, வாங்கினேன். மாட்டித் தர ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். இத்தனை வருட டிசைனும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, வேறெங்கும் நகல் இல்லை. அதை யாரிடமும் விட்டுவர மனமில்லாமல், நானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

"ஏம் காதம்மா, ஒண்ணும் ஆவாது. நைலான் புடவை கட்டிக்கினு மட்டும் உள்ள இருக்கிற போர்டைத் தொடாதீங்க. துணி ஒரசி வர்ற கரண்ட்ல போர்டு பூடும்" என்று தெலுங்கு கலந்து சொன்னார் கடைக்காரர்.

எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான்.

ஞாயிறு மத்தியானம் பருத்தி நைட்டியோடு தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு அதன் கீழேயே நின்றார். கொட்டகையில் ஒருமுறை கரண்ட் அடித்துத் தூக்கி எறியப்பட்டவர் அவர்.

"பிளக்கப் புடுங்கியாச்சு. கிட்ட வந்து டார்ச் அடிங்களேன்."

"உள்ள கரண்ட் தேங்கிக்கினு இருக்கும். கைய வெக்காத மே."

போர்டைப் புது டப்பாவில் திருகி முடிக்கும்வரை எப்படியோ சமாளித்தேன். கடைசியாக, முன்பக்கப் பட்டன்களிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள். அவற்றை போர்டின் ஓரத்திலிருந்த குட்டிக் கம்பிகளில் செருக வேண்டும். எது பவர், எது ரீசெட் என்று எறும்பைவிடச் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி வளைந்தால் போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினேன். விரல் வியர்த்து ஒயர் வழுக்கியது.

பிளக்கைச் செருகி மெயினைப் போட்டோம். பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். சத்தமே இல்லை.

"போர்டு பூட்ச்சுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் மெயினை விட்டுக் கிட்டே வந்தார். ஒரு விரலை மட்டும் நீட்டி, ரீசெட் என்றிருந்த சின்ன பட்டனைத் தொட்டார். விருட்டென்று ஃபேன் சுற்றியது. நான் கத்தினேன். அவர் மெயினைப் பார்த்து ஓடினார்.

"அணைக்காதீங்க! ஓடுது, ஓடுது!"

திரை வந்தது. டிசைன்கள் அப்படியே இருந்தன. முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகுதான் போன் படத்தைத் திரும்பப் பார்த்தேன். படத்தில் எழுத்து நேராக இருந்தது, என் முன்னே இருந்த போர்டோ தலைகீழாக. பவர் ஒயரையும் ரீசெட் ஒயரையும் இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன்.

"கழட்டி மாத்தட்டுமா?"

"இன்னொரு தபா அதத் தொறக்காத மே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கும் துணிவில்லை. இன்றும் சின்ன பட்டனைத்தான் அழுத்துகிறோம். பெரியதைத் தொட்டால் ரீசெட் ஆகி, பாதி வேலையில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும் என்பதால், அதன்மேல் அவர் டேப் ஒட்டிவைத்திருக்கிறார்.