துரியோதனன் போட்ட உத்தரவு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். தர்மபுரி பக்கம், இண்டூரைத் தாண்டி எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் முடிவில், துரியோதனன் சாகும் படுகளக் கூத்துக்காக பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். கூடவே என் பாஸ் பிடிலும் வந்தது. வயலின் ஜாடையில் ஆளுயர வாத்தியம். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸின் கூரையில் போர்வை சுற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்து, "யாரு பொணமுங்க?" என்று வழியெல்லாம் விசாரித்தார்கள்.

அந்தப் பிடில்தான் என் பிழைப்பு. சனிக்கிழமை கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்கள் ஆட வாசிப்பேன். ஞாயிறு காலையில் மாதா கோயில். மற்ற நாட்களில் நாடகக் கம்பெனி, பஜனை மடம், யார் கூப்பிட்டாலும் போவேன். எந்தப் பாட்டானாலும் அடியில் நின்று தாங்குவதுதான் அந்த வாத்தியத்தின் வேலை. அது ஆள் பார்த்து ஒலிப்பதில்லை.

அந்த வருடம் கூத்தில் துரியோதனன் வேஷம் என் மாமன் மகனுக்கு. தன் குரலுக்குக் கீழே என் கம்பி உறும வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கும்தான். எங்கெங்கோ வாசித்தவன், பிறந்த ஊரில் ஒருநாளும் வாசித்ததில்லை.

காலையில் களத்துக்குள் பிடிலைத் தூக்கிப் போனேன். படுகளத்துக்காக மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் அங்கே மல்லாந்து கிடந்தது. கோயில் தர்மகர்த்தா குறுக்கே வந்து நின்றார்.

"குடிச்சிட்டு ஆடறவனுங்களுக்கு வாசிச்ச பொட்டி இது. களத்துல வெச்சா தீட்டு. மீறி வாசிச்சா ஊரை வுட்டுத் தள்ளி வெச்சிருவோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாசிச்சது இந்தக் கைதானுங்க. இதாலதான் இப்ப ஆத்தாளக் கும்பிட்டேன். கையையும் வெட்டிப் போட்டுரலாமுங்களா?"

அவர் களத்துக்கு வெளியே கையை நீட்டினார். நான் ஊரை விட்டுப் போவேன் என்று நினைத்திருப்பார். களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, ஒரே அடி தள்ளி, பிடிலை நட்டுக்கொண்டு நின்றேன்.

வெயில் ஏறியது. பீமன் துரத்த, துரியோதனன் ஓடி வந்தான். வேஷம் கட்டியவனை யாரும் வழிமறிக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. என் மாமன் மகன் கயிற்றைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்று, கடைசி வீரப் பாட்டை எடுத்தான். நான் கம்பியை அழுத்திச் சுண்டினேன். கூட்டம் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது. மிருதங்கக்காரரும் வாத்தியத்தோடு எழுந்து வந்துவிட்டார்.

பாட்டைப் பாதியில் நிறுத்தினான் அவன். தர்மகர்த்தாவைப் பார்த்துக் கதாயுதத்தை ஓங்கினான்.

"நான் சாவற வரைக்கும் இந்தக் களத்துக்கு நாந்தான் ராஜா! டேய், பிடிலத் தூக்கிட்டு வாடா உள்ள!"

தூக்கிக்கொண்டு போனேன். தர்மகர்த்தா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பீமன் தொடையில் அடித்து அவன் சாயும்வரை, அம்மனுக்கு நேர் எதிரே நின்று வாசித்தேன். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

என்னைத் தள்ளி வைக்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. மறுவருடமும் தர்மகர்த்தா முறைத்தார், மறுவருடமும் நான் வாசித்தேன். இந்தப் பாட்டுக்கு நீ வாசிக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ ஊர்களில் சொல்லிவிட்டார்கள். அப்போதெல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்ற அந்த ஒரு அடி நினைவுக்கு வரும், நான் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடுவேன்.