மகளை வேவு பார்க்கக் கோவளம் போனேன்

வெள்ளி, காலை 5.10

ஆரணி பஸ் நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டியில் ஏறினேன். டிக்கெட் ஐம்பத்திரண்டு ரூபாய். போகிற இடத்தை யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, செய்யாறில் ஒரு வளைகாப்பு என்றேன்.

உண்மையில் நான் போனது கோவளத்துக்கு. என் மகள் நிவேதா சென்னையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வருடம் கல்லூரியில் பாய்மரப் படகு ஓட்ட ஆள் எடுத்தார்களாம், சேர்ந்துவிட்டாள். ஆரணியில் கடல் கிடையாது. கமண்டல நாகநதியில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே ஊரே பாலத்தில் நின்று பார்க்கும். அப்படிப்பட்ட ஊர்ப் பெண்ணுக்குக் கடலில் என்ன வேலை? சொந்தத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கோவளத்தில் ஒரு வாரம் படகுப் போட்டி, தினமும் நான் கலந்துகொள்கிறேன் என்று அவள் போனில் சொன்னபோது, சொல்லாமல் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

"உனுக்குப் புடிக்கலைன்னா கையோட கூட்டிகினு வந்துடு" என்றார் வீட்டுக்காரர். அவருக்கும் அதே சந்தேகம்தான். வாயால் சொல்வதில்லை, அவ்வளவே.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் என்று நான்கு இடத்தில் வண்டி மாறினேன். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "படகுப் போட்டி எங்க நடக்குதுங்க?" என்று நடத்துநரைக் கேட்டேன்.

"படகா? பாட்டுக் கச்சேரி நடக்குது, பலூன் சுடுறாங்க. படகு எதுவும் நான் பாக்கலியேம்மா" என்றார்.

படகே இல்லாத இடத்தில் என்ன படகுப் போட்டி?

வெள்ளி, பகல் 11.30

நடத்துநர் சொன்னது பொய்யில்லை. கடற்கரை முழுக்கத் திருவிழாக் கூட்டம். பந்தல் போட்டு மேளம் அடித்தார்கள். மணலில் ஆள் உயர ஆமை செய்து வைத்திருந்தார்கள். குழந்தைகளின் கன்னத்தில் மீன் வரைந்தார்கள், ஒரு முகத்துக்கு நாற்பது ரூபாய். மாசி வெயிலில் முப்பது பெண்கள் பாட்டுக்கு ஏற்பக் கையைக் காலைத் தூக்கி உடற்பயிற்சி செய்தார்கள். வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு நூற்றிருபது.

மேடையில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "இதோ, முதல் மிதவையைச் சுத்திட்டாங்க! பச்சைப் படகு முந்துது!" கூட்டத்தில் ஒருவர்கூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வெகு தூரத்தில் வெள்ளையாகச் சில முக்கோணங்கள், அவ்வளவுதான். எது பச்சை, எது முந்துகிறது, இவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? தூரக்கண்ணாடி பத்து நிமிடத்துக்கு முப்பது ரூபாய் என்று ஒரு மேசை இருந்தது. வாங்கிப் பார்த்தேன். முக்கோணங்கள் கொஞ்சம் பெரிதாயின. ஆள் தெரியவில்லை.

பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. பதினெட்டுப் படகுகள், பதினெட்டுப் பெயர்கள், ஒவ்வொரு நாளும் யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்ற எண்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு முறை படித்தேன். நிவேதா என்ற பெயரே இல்லை.

நாலு நாளாகப் போனில் பொய் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் நினைத்தேன். காலில் மணல் சுட்டது, நகரத் தோன்றவில்லை.

வெள்ளி, மாலை 4.00

படகுகள் கரைக்கு வந்தபோது ஒரு கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நிவேதா வந்தாள். நனைந்து, கறுத்து, முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கூட ஒரு பெண், நல்ல நிறம், நல்ல உடை. அந்தப் பெண் துண்டைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். என் மகள் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், பாயைச் சுருட்டினாள். கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒருவர் வந்து அந்தப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு நிவேதாவைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

படகின் எண்ணைப் பலகையில் தேடினேன். பதினொன்று. அந்த எண்ணுக்கு நேரே 'ரியா' என்று எழுதியிருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. பணக்கார வீட்டுப் பெண் ரியா படகு ஓட்டுகிறாள். கழுவவும் தூக்கவும் ஆரணியிலிருந்து ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். அன்று இரவு கேளம்பாக்கத்தில் என் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். காலையில் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போவதுதான், பேச்சே இல்லை.

சனி, காலை 9.15

போய்ச் சேர்ந்தபோது படகுகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிவேதாவைக் கூப்பிட வாய் எடுத்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். தாமதமாகிவிட்டது. சரி, திரும்பி வரட்டும்.

மைக் பிடித்தவன் முடிச்சுப் போட்டிக்கு ஆள் கூப்பிட்டான். மூன்று முடிச்சை ஒரே ஒரு முறை காட்டுவார்கள், முதலில் போடுகிறவருக்குப் பாதுகாப்புப் படகில் ஏறிப் போட்டியைப் பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி. பெயர் கொடுத்தேன். அங்கே என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேறு வழி ஏது?

எதிரில் எட்டுப் பேர், எல்லாரும் இளசுகள். நான் பத்து வயதில் முடிச்சு ஆரம்பித்தவள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிசு. இங்கே கொடுத்ததோ கட்டைவிரல் கனத்துக் கயிறு. மற்றவர்கள் இரண்டாவது முடிச்சில் இருக்கும்போது நான் மூன்றையும் போட்டு மேசையில் வைத்துவிட்டேன்.

சரிபார்க்க வந்தவர் அதே விசில்காரர். பெயர் அந்தோணி, பயிற்சியாளர்.

"எங்கம்மா கத்துகினீங்க?"

"ஆரணிங்க. பட்டு நெய்யுற ஊரு."

"ஆரணியா! எங்ககிட்ட ஒரு ஆரணிப் பொண்ணு இருக்குதே, நிவேதான்னு."

"அப்டிங்களா? எப்டிப்பட்ட பொண்ணு?" என்றேன், முகத்தை மாற்றாமல்.

"வாயத் தொறந்தா மூடாது" என்று சிரித்தார்.

எனக்குச் சுரீரென்றது. வீட்டில் நாலு வார்த்தை பேசுவதற்கு நாற்பது முறை கேட்க வேண்டிய பெண் அவள். இந்த ஆள் யாரைச் சொல்கிறார்?

சனி, காலை 10.40

மோட்டார் வைத்த ரப்பர் படகு. மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். கரையை விட்டு அரை கிலோமீட்டர் தாண்டியதும் காலையில் தின்ற இட்லி முழுவதும் கடலுக்குப் போனது. அந்தோணி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். கரைப் பாட்டுச் சத்தம் அடங்கி, காற்றில் பாய்கள் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பதினொன்றாம் எண் எங்களுக்கு முப்பதடி தள்ளி வந்தது. ரியா சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். என் மகள் படகுக்குள்ளேயே இல்லை. பாய்மரத்திலிருந்து தொங்கிய கம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, படகு கவிழாமல் இருக்க அதன் விளிம்பில் கால் பதித்து, உடம்பு முழுவதையும் வெளியே தண்ணீருக்கு மேல் சாய்த்திருந்தாள். வாய் ஓயவில்லை.

"இப்ப இல்ல ரியா! இரு... காத்து வருது, இரு... இப்ப! திருப்பு!"

ரியா திருப்பினாள். நிவேதா சொன்னபோது மட்டும்தான் திருப்பினாள்.

அடுத்த மிதவைக்கு அருகில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. படகு கவிழ்ந்தது. பாய் தண்ணீரில் விழுந்து பரந்தது, இரண்டு பேரையும் காணவில்லை.

"போங்க! ஜல்தி போங்க!" என்று அலறினேன்.

அந்தோணி மோட்டாரை நிறுத்திவிட்டார். "நாம தொட்டா அவங்க ரேஸ் போயிடும்மா. கொஞ்சம் இருங்க."

"ரேஸாவது மண்ணாவது! பொண்ணு சாவுது, நீ பாத்துகினு நிக்கிற!" அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். என் நகம் பதிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

"எண்ணிகினு இருக்கேன்மா. ரெண்டு தலையும் தெரியுது, பாருங்க."

தெரிந்தது. நிவேதா கவிழ்ந்த படகின் அடிப்பலகையில் ஏறி நின்றாள். கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். படகு முனகி, மெதுவாக எழுந்தது. உள்ளே விழுந்து புரண்டு, ரியாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்துப் போட்டாள். மறுபடி கம்பியை மாட்டினாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தோணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"அவ அம்மா."

அவர் கையைத் தடவிக்கொண்டு மோட்டாரைப் போட்டார்.

சனி, பகல் 1.20

"அம்மா! எப்ப வந்தே?"

"நேத்தே."

"நேத்தா? எங்க இருந்தே?"

"கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னாடி."

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கூட்டிகினு போவ வந்தியா?" என்றாள். அவளைப் பலகைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உன் பேரு எங்க?"

"சுக்கான் புடிக்கிறவங்க பேருதான் போடுவாங்கம்மா. அதான் வழக்கம்."

"நேத்து ஏன் படகை நீ மட்டும் கழுவுன?"

"நேத்து என் முறை. இன்னைக்கு அவ கழுவுவா, இருந்து பாரு."

இருந்து பார்த்தேன். ரியா கழுவினாள். ஆனாலும் பலகை விஷயத்தில் எனக்கு மனம் ஆறவில்லை. அதைக் கவனித்துக்கொண்டிருந்த கண்ணாடி போட்ட பெரியவரிடம் போனேன்.

"ஒரு படகுல ரெண்டு பேர் போறாங்க, ஒரு பேரு எழுதினா இன்னொருத்தி இன்னா, மூட்டையாங்க?"

அவர் திகைத்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடம் பத்தாதுன்னு விட்டுட்டோம்மா" என்றபடி பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிடுங்க."

ரியா பக்கத்தில் நிவேதா என்று எழுதினேன். திரும்பினால் நனைந்த உடையோடு இன்னொரு பெண் நின்றாள். "ஆன்ட்டி, நாலாம் நம்பர், ஷாலினி." அவளுக்குப் பின்னால் இன்னொருவன். பதினெட்டுப் பெயர்களையும் பொடியாக எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த நாள் போட்டியில் பதினொன்றாம் எண் பதினான்காவதாக வந்திருந்தது.

ஞாயிறு, காலை 8.00

கடைசி நாள் பரிசளிப்புக்கு நான் நிற்கவில்லை. வீட்டுக்காரர் போன் செய்தார். "கூட்டிகினு வரியா?"

"இல்லிங்க. அவளுக்கு வேலை இருக்குது" என்றேன். கடலை இப்போதும் நான் நம்பவில்லை. அந்தோணியை முக்கால்வாசி நம்புகிறேன்.

செய்யாறைத் தாண்டும்போது எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் எங்கள் தறியில் நெய்த சேலையோடு ஒரு சின்னத் துணிச்சீட்டு வைத்துத் தைப்போம். அதில் நெய்தவர் என்று என் பெயர்தான் இருக்கும். கல்யாண வீட்டில் அதைப் பார்த்து என்னைத் தேடி வருகிறார்கள். நான் தறியில் உட்காருவதை விட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது. அப்போதிருந்து எனக்கு நெய்பவள் ரேணுகா. அவளிடமும் இதுதான் வழக்கம் என்று சொல்லியிருப்பேன், அவள் கேட்டிருந்தால். அவள் கேட்டதில்லை.

பஸ்ஸிலேயே போன் போட்டேன்.

"ரேணுகா, உன் பேரை எப்டி எழுதுவே? ரேணுகாவா, ரேணுகாம்பாளா?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"எதுக்குக்கா கேக்குறீங்க?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?"