வலப்பக்கம் ஒரு சாண்

நேற்றுக் காலை எங்கள் தீவில், லம்பா லைன் பகுதி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். விமான நிலையத்துக்குப் போகிற வேன் ஒன்று பங்க்சராகி எதிரே நின்றது. உள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நீல டிராக் சூட். கூடவே இறங்கியது வலித் தைலமும் வியர்வையும் கலந்த ஒரு வாடை. மெயின்லேண்டில், கடலுக்கு அப்பால், கூடைப்பந்துப் போட்டியாம். இரண்டு மணி நேரத்தில் சென்னை, சாயங்காலமே பயிற்சி. டீயை ஆறவிட்டு அவர்கள் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள், பந்து ஆடுகிறவர்களை நான் முழங்காலை வைத்துத்தான் எடைபோடுவேன்.

எங்கள் காலத்தில் நாங்கள் போட்டிக்குப் போனது கப்பலில், மூன்று நாள். அந்தத் தைல வாடை எனக்குக் கப்பலின் கீழ்த்தளம்தான். டீசல், யாரோ உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல், எல்லாவற்றுக்கும் மேலே செல்வி முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம். செல்வி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தது. எங்கள் அணியிலேயே உயரம். நான் அவள் தோள் வரைக்கும் வருவேன், காலணியோடு. அதனால் நான் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டுபோய் உயரமானவர்கள் கையில் சேர்க்கிறவள். நிறைய ஓட வேண்டும், நிறையக் கத்த வேண்டும். இரண்டும் எனக்குப் பிறவியிலேயே வரும். கப்பல் மேல்தளத்திலும் விடாமல் தட்டினேன். ஒரு சாய்வில் பந்து கம்பிக்கு மேலே எகிறி வங்காள விரிகுடாவுக்குப் போய்விட்டது. கோச் சார் மூன்று நாளும் என்னிடம் பேசவில்லை. அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு முத்திரை குத்துவேன். நான்கு மணிக்கு மேல் மைதானம். பந்துக்காகத்தான் அந்த வேலையே கொடுத்தார்கள். தற்காலிகம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மூன்று வருடமாக மெயின்லேண்ட் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்காவது முறை கிளம்பும்போது மேலதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார், இந்தத் தடவையும் அப்படித்தான் என்றால் டீம் பந்த். டீமை மூடினால் என் நாற்காலியும் போகும். அப்பாவிடம் சொன்னேன். அவர் ராமநாதபுரத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். யோசித்துவிட்டுக் கேட்டார்:

"பந்து வெளாடச் சம்பளம் குடுக்குறவன், ஒரு நாளு நிறுத்தவும் செய்வான்ல?"

பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. கடலோர மேட்டில் சிமெண்டுத் தரை. இரண்டு கம்பங்களில் ஒன்று உப்புக் காற்றில் துருப்பிடித்து விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒற்றை வளையத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் கடல். மழைக்காலம் முழுக்க அங்கிருந்து காற்று பந்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அதனால் வளையத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி எறிவோம், காற்று கொண்டுவந்து உள்ளே போடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஒரு வாரம் ஆடினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

சென்னையில் உள்ளரங்கம். மேலே கூரை, பளபளவென்று மரத்தரை, ஓர் இலைகூட அசையாத காற்று. முதல் பத்து நிமிடத்தில் நான் ஆறு முறை எறிந்தேன். ஆறும் வளையத்தின் வலது விளிம்பில் பட்டு வெளியே போயின. என்னுடையது மட்டுமில்லை, எல்லோருடையதும். கோச் சார் பெஞ்சிலிருந்து "சீதா மாரோ, சீதா" என்று இந்தியில் தொண்டை கிழியக் கத்தினார், நேராக எறியச் சொல்லி. நேராகத்தான் எறிகிறோம் என்று நாங்கள் சத்தியம் செய்திருப்போம். பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு பெண் நிதானமாக,

"அக்கா, ரிங் இந்தாண்ட இருக்கு" என்றாள்.

மூன்று வருடத் தோல்விக்கும் காரணம் அதுதான் என்று அந்த இடைவேளையில்தான் உறைத்தது. பதினொரு புள்ளி பின்னால் இருந்தோம். எனக்கு முத்திரைக் கட்டையும் அப்பாவும் மாறி மாறிக் கண்ணில் வந்தார்கள். காற்றில்லை, இனிமேல் நேராக எறிகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் தண்ணீர் குடித்து முடித்துவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நாலு வருசத்துப் பழக்கம் நாலு நிமிசத்துல போவுமா? நீ எப்பவும் போல எறி புள்ள. எங்குன விழும்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நான் கூச்சமே இல்லாமல் தப்பாக எறிந்தேன். எதிரணிப் பெண்கள் பந்து எந்தப் பக்கம் தெறிக்குமோ என்று தவித்தார்கள். செல்வி வலப்பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி நின்றாள். பந்து நேரே அவள் கைக்கு வந்தது. எம்பி உள்ளே போட்டாள். மறுபடி அங்கேயே நின்றாள். பதினொன்று ஏழானது, ஏழு மூன்றானது. கோச் சார் சீதாவை மறந்து பெஞ்ச் மேல் ஏறி நின்றார்.

அவர்களும் முட்டாள்கள் இல்லை. கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்து, செல்விக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று அடைத்தார்கள். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து என் கையில். வழக்கம்போல எறியக் கையைத் தூக்கினேன். என்னைக் காவல் காத்தவளும் வலப்பக்கம் திரும்பிவிட்டாள். இடப்பக்கம் ஆளே இல்லை, பெருக்கி வைத்த வாசல் மாதிரி கிடந்தது. தூக்கிய கையை இறக்கி, பந்தைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் புகுந்து, நாலே எட்டில் வளையத்துக்கு அடியில் போய், இடது கையால் பலகையில் சாய்த்துப் போட்டேன். அவ்வளவு பக்கத்திலிருந்து போட எந்தக் காற்றும் வேண்டாம்.

விசில். நாற்பது நிமிட ஆட்டத்தில் என் கணக்கில் இரண்டே புள்ளி. அந்த இரண்டில்தான் அணி பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. செல்வி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி வந்தாள். ரிங் எங்கே என்று காட்டிய பெண்ணும் எழுந்து நின்று கைதட்டினாள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம், அது வேறு விஷயம். ஊர் திரும்பியதும் வேலை தப்பியதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்துக் கரணையைக் கழுவிக்கொண்டே, "பக்காவா?" என்று மட்டும் கேட்டார். பக்கா என்றேன்.

அதற்கப்புறம் மூன்று சீசன் ஆடியதும் மெயின்லேண்ட் கிளப் ஒன்று ஒரு சீசனுக்கு அழைத்துக்கொண்டது. இப்போதும் ஊர் அணியில் ஆடுகிறேன். ஆனால் பழைய ஐந்து பேரில் நான் மட்டும்தான் மிச்சம். மேட்டு மைதானத்துக்கு இரும்புக் கூரை போட்டு, சுற்றிலும் தகடு அடைத்துவிட்டார்கள். இரண்டு வளையமும் புதிது. அங்கே வருகிற சின்னப் பெண்களுக்குப் பந்தைக் காற்று தொட்டதே தெரியாது. என் கையும் மாறிவிட்டது.

செல்வி இப்போது கார் நிக்கோபாரில் அரசு வேலையில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். நேற்று வேன் கிளம்பியதும் அவளைக் கூப்பிட்டு, பத்துக்கு எட்டு நேராக உள்ளே விழுகிறது என்று பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சத்தம் போட்ட குழந்தைகளை அதட்டிவிட்டு வந்தாள்.

"அப்ப நான் எங்குன நிக்கிறது?" என்றாள்.