சுவாமி கொடுத்த அனுமதி

கனிசியஸ் சுவாமி அந்தக் கரையோரப் பங்குக்கு வந்து ஐந்து வருடம். வந்த நாளிலிருந்து ஓடியாடி வேலை செய்தார். மீனுக்கு ஐஸ் அறை கட்டுவித்தார். குடித்துவிட்டு மனைவிக்கு அடித்தவனைப் பங்குமனைக்குக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாவற்றிலும் பெரிது ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாடு. சனி பின்னேரம் தொடங்கி ஞாயிறு பின்னேரம் வரை ஒரு படகும் கடலில் இறங்கக்கூடாது. ஊர் முணுமுணுத்தது, பிறகு அடங்கியது. இளம் குருக்களுக்குப் பங்கு நடத்தும் முறை பற்றி வகுப்பெடுக்க அவரைத்தான் அழைப்பார்கள். ஆணித்தரமாகப் பேசுவார். வகுப்பில் பேசுவதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் லியோன் வந்து நின்றான். எஞ்சின் பழுதாகி, வலையைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை சேர்ந்திருந்தான்.

"சுவாமி, அது றோலர்ப் படகுகள் ஓடுற இடம், நாளைப் பின்னேரம் மட்டும் விட்டா வலையை அறுத்துப்போடுவாங்கள். கிடக்கிறது ஒரே வலை. ராவைக்கு எஞ்சினைத் திருத்திப்போட்டு, விடிய ஒருக்காப் போய் எடுத்துக்கொண்டு பூசைக்கு வந்திடுவன்."

சுவாமிக்கு மனம் இரங்கியது. அதில் பிழை இல்லை. இரங்காதவன் என்ன மேய்ப்பன்? பிழை அதற்கு அடுத்த வசனத்தில்தான்.

"சரி, போயிட்டு வா. ஆனா நான் விட்டனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. பிறகு எல்லாரும் வெளிக்கிட்டிடுவாங்கள்."

காலையில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே காற்றுக் கிளம்பியது. மத்தியானம் கவிழ்ந்த படகைக் கண்டார்கள். திங்கட்கிழமை லியோனைக் கண்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆண்டவருடைய நாளில் கடலுக்குப் போனால் இப்படித்தான் என்றது. பிரேதத்தைக் கும்பிட வந்தவர்களே கோடியில் நின்று அதைச் சொன்னார்கள். லியோனின் தாய் லூர்த்தம்மா மகனைத் திட்டித் திட்டி அழுதாள். பெட்டி மூடமுன் சுவாமியின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவாமி, களவாய்ப் போய்ச் செத்த பிள்ளை. மோட்சத்துக்குப் போவானோ?"

நான்தான் அம்மா அனுப்பினேன் என்ற ஒரு சொல் போதும். கோவில் நிறையச் சனம். சுவாமி அவளுடைய தலையில் கை வைத்தார். "ஆண்டவர் இரக்கமுள்ளவர், அம்மா" என்றார்.

அடக்கம் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தார். அடுத்த ஞாயிறு சொல்வோம் என்று நினைத்தார். அந்த ஞாயிறு பங்குச்சபைத் தலைவர் வந்து, "இப்ப ஞாயிறிலை ஒரு போட்டும் இறங்கிறேல்லை சுவாமி, எல்லாருக்கும் பயம் வந்திட்டுது" என்று சந்தோசமாகச் சொன்னார். சுவாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இருபதாம் நாள் காலை லூர்த்தம்மா படுத்த பாயிலேயே போய்விட்டாள். ஒழுங்காய்ச் சாப்பிட்டு எத்தனையோ நாளாம்.

முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமி மறையுரைக் கடதாசியை மடித்து வைத்தார். "லியோன் களவாய்ப் போகேல்லை. என்னட்டைக் கேட்டுத்தான் போனவன். மறைக்கச் சொன்னதும் நான்தான்" என்றார்.

பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறை வாசலுக்கு லியோனின் மனைவி ஜெசிதா வந்தாள். சுவாமி அவள் முன்னால் முழந்தாளிட்டார். அவள் எழும்பச் சொல்லவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் சுவாமி. இவர் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"பிறகேன் பிள்ளை நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"மாமிக்குச் சொன்னனான். அவ நம்பேல்லை. அப்பிடியெண்டா பெட்டியடியிலை நான் கேக்கேக்கை சுவாமி சொல்லியிருப்பாரே, சுவாமியிலை பழி போடாதை எண்டு என்னைத்தான் பேசினவ. சாகுமட்டும் என்னோடை கதைக்கேல்லை."