மடுல்சீமையில் இறங்க வேண்டிய கப்பல்

1. டெக் தின்ற படம்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பிள்ளை பெரியவளான சடங்கு வீடு. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பந்தல், பந்தல் நிறைய ஆட்கள், எல்லாருடைய கண்ணும் டீவியில். படத்தில் முதல் பாட்டு வருகிற இடத்தில் வீடியோ டெக்குக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. நான் கேஸட்டை வெளியே இழுத்தேன். கேஸட் வந்தது, டேப் வரவில்லை. அது உள்ளே உருளையைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

அப்போது நான் பதுளை பஜாரில் டீவி, டெக் திருத்துகிற கடையொன்றில் வேலை செய்தேன். கடையிலிருந்து டீவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் தோட்டங்களுக்கு வாடகைக்குப் போகும். நான் பின்னறையில் சோல்டரிங் அயனோடு இருப்பவள். வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல் என்றதும், கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், என்னை வேனில் ஏற்றிவிட்டார். தனியாகப் பெண்பிள்ளையை அனுப்பலாமா என்று டிரைவர் கேட்டார்.

"சடங்கு வீட்டுக்கு பொம்புளப் புள்ள போகாம வேற யாரு போற?" என்றார் நானா. செலவு வராத வரைக்கும் அவர் பேச்சு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். டெக் பெல்ட் தளர்ந்துபோய்விட்டது, மாற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது மட்டும் அவருக்குக் காது கேட்கவில்லை.

வீட்டுக்காரர் மாரிமுத்து அந்தத் தோட்ட டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர். கட்டிய மனைவி உட்பட எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் சொல்வார்கள். அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்னா தங்கச்சி, படம் நின்னுருச்சு?"

"டேப் சிக்கிருச்சுங்க."

"வேற படம் போடுங்க."

"ஒண்ணுதாங்க குடுத்து விட்டாங்க."

"மேல் லயத்து ஆளுக எல்லாம் வந்து ஒக்காந்திருக்காங்க. போன மாசம் அவுங்க சடங்குல மூணு படம் ஓடிச்சு. எம் மானத்த வாங்கிறாதீங்க."

என் பையில் ஒரு டீவி கேம் பெட்டி இருந்தது. திருத்தக் கொடுத்தவர் திரும்பி வரவேயில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் விளையாடலாம் என்ற நல்லெண்ணத்தில் கொண்டுவந்திருந்தேன். அதற்குரிய கேஸட்டில் லேபிள் கிழிந்திருந்ததால் ஆட்டத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் 'கப்பல்' என்று சொல்வேன்.

ஓடிக் குதித்துச் சுடுகிற ஆட்டமில்லை அது. கதை ஆட்டம். வேறொரு கிரகத்தில் காடு வெட்டிக் குடியேற ஆட்களைத் தூங்கவைத்து ஏற்றிப்போகிற விண்வெளிக் கப்பல். பாதி வழியில் கப்பலை ஓட்டுகிற கம்பியூட்டருக்குப் புத்தி பிசகிவிடுகிறது. நான்கு பேருக்கு மட்டும் விழிப்பு வருகிறது. அவர்கள்தான் கப்பலைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் வரும், வாசித்து வாசித்துத்தான் போக வேண்டும். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் அப்படியொரு ஆசை இருந்தது.

வேறு வழியில்லை. வயரைக் கொழுவி, மைக்கைக் கையில் எடுத்தேன். "இப்ப ஒரு புதுப் படம்" என்று ஆரம்பித்து, திரையில் வந்ததைத் தமிழில் சொன்னேன். ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள் என்றதும் பந்தலில் பேச்சு நின்றது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கேட்டார்.

"எங்க கொண்டு போறாங்க?"

"வேற கிரகத்துக்குங்க தாத்தா."

"அங்க என்னா போடப்போறாங்க? தேயிலையா, றப்பரா?"

"அது இன்னும் சொல்லலீங்க."

"சொல்ல மாட்டானுக. ஆள் ஏத்துறப்போ அதெல்லாம் சொல்ல மாட்டானுக" என்றார் அவர், மிகவும் திருப்தியாக. அதற்குப் பிறகு எவரும் எழுந்து போகவில்லை.

நான்கு பேருக்கும் பெயர் வைக்கச் சொல்லி ஆட்டம் கேட்டது. அதற்கே ஒரு சண்டை. கடைசியில் தேவி, மாரி, நாகா, முனி என்று முடிவானது. தேவி என்றால் தலைவரின் மகள், சடங்குப் பெண் தேவிகா. மாரி தலைவர். நாகா அவருடைய அக்கா நாகம்மா. முனி என்பது மேல் லயத்தைச் சமாதானப்படுத்த அவர்களுடைய சாமிக்குக் கொடுத்த இடம்.

2. பேச்சுவார்த்தை

மைக்கும் ஜொய்ஸ்டிக்கும் ஒரே ஆளால் முடியவில்லை. அலங்கரித்த நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த தேவிகா கையை நீட்டினாள். "சடங்குப் புள்ள கையில எதுக்கு அது?" என்று நாகம்மா சொல்லி முடிப்பதற்குள் ஜொய்ஸ்டிக் அவள் மடியில் இருந்தது. வளையல்கள் கலகலவென்று சத்தம் போட, கப்பலின் நடைபாதையில் நான்கு பேரையும் நடத்திக்கொண்டு போனாள்.

ஒரு கதவடியில் காவல் இயந்திரம் மறித்தது. அடி, பேசு, ஓடு என்று மூன்று வழிகள் திரையில் வந்தன. நான் எப்போதும் அடிதான். பதுளையில் அந்த ஆட்டம் ஆடிய எவரும் 'பேசு'வுக்குப் பட்டனை அமர்த்தியிருக்கமாட்டார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். "பொறு. எடுத்தவொடன அடிக்கிறதா? மொதல்ல பேச்சுவார்த்தை."

தேவிகா 'பேசு'வை அமர்த்தினாள். இயந்திரம் "விலகிப் போ" என்று சொல்லிச் சுட்டது. முனி விழுந்தது. மேல் லயத்தார் முணுமுணுத்தார்கள்.

"மொதச் சுத்துப் பேச்சுல எந்தத் தோட்டத்துத் தொர ஒத்துக்கிட்டிருக்கான்? திரும்பப் பேசு" என்றார் தலைவர்.

இந்தத் தடவை மாரியே விழுந்தது. தலைவர் அசையவில்லை. "நான் விழுந்தா பரவாயில்ல. பேச்ச விடாத."

மூன்றாவது தடவை நாகா விழுந்தபோது நாகம்மா எழுந்துவிட்டார். "தம்பி, அது நம்ம ஆளுகளக் கொன்னுக்கிட்டே இருக்கு. நீ பேசிக்கிட்டே இருக்க."

"அக்கா, அது எறங்கி வருது. முந்தி ரெண்டு வார்த்த பேசிச்சு. இப்ப பாரு, எத்தன வரி பேசுது."

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் எழுத்துக் கூடிக்கொண்டு வந்தது. தேவி மட்டும் கொஞ்சூண்டு உயிரோடு நின்றாள். நான்காவது தடவை இயந்திரம் சுடவில்லை. உங்கள் கோரிக்கை என்ன என்று கேட்டது. இங்கிலீஷில் வேறு மாதிரித்தான் இருந்தது, கோரிக்கை என்ற சொல்லைப் போட்டவள் நான். கதவு திறந்தது. விழுந்தவர்களை எழுப்புகிற மருந்தும் கிடைத்தது. பந்தலில் எழுந்த கைதட்டலுக்கு நாய்களெல்லாம் ஓடிவிட்டன.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், "எம்மக இந்தக் கப்பல நல்லபடியா எறக்குனான்னா, என்னா கேட்டாலும் குடுப்பேன்" என்றார். சட்டையோ தோடோ கேட்பாள் என்று நினைத்திருப்பார்.

தேவிகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பசறைக்கு பஸ்ல போய்ப் படிக்கணும்ப்பா."

தோட்டத்துப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடியும். மேலே படிக்க பசறைக்குப் போக வேண்டும். பெரிய பிள்ளையாகிவிட்டவளை அந்த பஸ்ஸில் நெருக்கியடித்து அனுப்புவதில்லை, அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவை எடுத்ததில் நாகம்மாவுக்குத்தான் பெரிய பங்கு. தலைவர் அக்காவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். சபையில் சொன்ன சொல்லை விழுங்க அவருக்குத் தெரியவில்லை.

"சரி" என்றார். "தீபாவளிக்குள்ள எறக்கணும்."

3. பெட்டரி

அதன் பிறகு சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறுகளில் அந்தத் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். டெக் வேண்டாம், படம் வேண்டாம், கப்பலும் அந்தக் கடை அக்காவும் வந்தால் போதும். நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "படம் பார்க்க ஏலாத சனமா அது?" என்று கேட்டார். ஒருநாள் நான் கடைக்குத் திரும்பி வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு அவர் பழைய பெட்டியொன்றில் வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போலப் போய்விட்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் கப்பல் கிரகத்தின் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஆடிய இடம் வரைக்கும் கேஸட்டே நினைவில் வைத்திருக்கும். அதற்காக உள்ளே சல்லிக்காசு அளவில் ஒரு பெட்டரி இருக்கிறது. சந்தேகப்பட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாகப் போகிற நிலையில் இருந்தது. அது செத்தால் தேவி, மாரி, நாகா, முனி எல்லாரும் போய்விடுவார்கள். சும்மா கழற்றி மாற்றினாலும் அதே கதைதான்.

அதற்கு ஒரு வழி உண்டு. கேஸட்டின் மூடியைக் கழற்றி, போர்டைப் பெட்டியில் செருகி ஆன் பண்ணிவிட்டால், நினைவுச் சிப்புக்குப் பெட்டியிலிருந்தே கரண்ட் போகும். அந்த நேரத்தில் பழையதை எடுத்துப் புதியதை ஒட்ட வேண்டும். பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வந்து கரண்ட் போகிற காலம் என்பதால் காலையிலேயே உட்கார்ந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பழைய பெட்டரியை எடுத்தேன். புதியதை வைத்து அயனை எடுக்கும்போது கடை இருண்டது.

வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறியொன்று கரண்ட் போஸ்டில் மோதிவிட்டதாம். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து கிடந்ததைப் பார்த்தபடி நான் அழுதேன்.

நானா ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். "இங்க பாரு மகள். அந்த நாலு பேரையும் புதுசாப் போடு. கொஞ்சம் ஆடிக் காட்டிட்டு, கப்பல் எறங்கிட்டுது எண்டு இங்கிலீஷ்ல வாசிக்கிற மாதிரி செல்லு. யாருக்குத் தெரியப் போகுது?"

நான் அதை யோசிக்கவேயில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஒரு பிளேன்டீ ஆறும் வரைக்கும் யோசித்தேன். "தேவிகாவுக்குத் தெரியும் நானா" என்றேன்.

4. தீபாவளி

பந்தல் போட்டிருந்தார்கள். மேல் லயத்தார் புதுச் சட்டையோடு முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். நான் மைக்கை எடுத்து நடந்ததைச் சொன்னேன். நம்பாதவர்களுக்காகப் பெட்டியை ஆன் பண்ணினேன். நான்கு பேருக்கும் பெயர் வையுங்கள் என்று திரை கேட்டது.

நாகம்மா, "எம்பேரு எங்க?" என்றார்.

தலைவர் எழுந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்கு அடியில் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"யார் மேலயும் குத்தமில்ல" என்றார். "ஆனா கப்பல் எறங்கல. எறக்குனாத்தான்னு சொல்லியிருந்தேன். அவ்வளவுதான்."

தேவிகா ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

"அப்பா, போன மாசம் ஃபெக்டரியில ரோலர் ஒடைஞ்சு நின்னிச்சுல்ல. அன்னைக்கு வேல நடக்கல, சம்பளம் கெடையாதுன்னு தொர சொன்னாரு. நீங்க என்னா சொன்னீங்க?"

பின்னாலிருந்து ஒரு ஃபெக்டரி ஆள்தான் சொன்னார். "மெஷின் நின்னதுக்கு தொழிலாளி பொறுப்பில்லன்னீங்க. காலைல பேர் குடுக்கப் பெரட்டுக்கு வந்து நின்னவன் சம்பளத்த வெட்டக் கூடாதுன்னீங்க. வாங்கியும் குடுத்தீங்க."

"கப்பல் வந்த எல்லா ஞாயித்துக்கெழமையும் நான் வந்து நின்னேன்லப்பா?" என்றாள் தேவிகா.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தோளில் போட்டார், திரும்ப எடுத்துத் துடைத்தார். எத்தனையோ துரைமாரை அந்த வாதத்தால் மடக்கியவருக்கு, அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தத் துரையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"தலைவரே, கையெழுத்தப் போட்டுட்டு எந்திரிங்க" என்றது மேல் லயத்துக் குரலொன்று. சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தது நாகம்மா.

"போகட்டும் தம்பி" என்றார் அவர். "காலைல பஸ்ஸுக்கு நான் கூடப் போய் ஏத்தி விடுறேன். எவன் இடிக்கிறான்னு பாக்குறேன்."

தலைவர் தலையாட்டினார். சும்மா ஆட்டிவிட்டு உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார். "அப்ப மெஷின் பொறுப்பு கடையோடதுதானே தங்கச்சி? நட்டஈடு வேணும். கப்பல் எறங்குற வரைக்கும் வாடக இல்ல."

நான் ஒத்துக்கொண்டு வந்தேன். நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாடகைக்குப் போனியா, சங்கத்துல சேரப் போனியா?" என்று கேட்டார்.

இப்போது தெருவுக்கு நான்கு போன் திருத்தும் கடைகள். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சாமானைத் திறப்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவரிடம் கேளுங்கள். போன் போனால் போன் வாங்கலாம். உள்ளே இருப்பது செத்துப்போன ஒருவரின் குரலாக இருக்கும், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமாக இருக்கும். கேட்ட பிறகு, கரண்டை நம்பாமல் வெளியிலிருந்து ஒரு பெட்டரியைப் பூட்டிக்கொண்டு கையை வையுங்கள். எனக்கு இது தெரிவதற்கு ஒரு கப்பல் போக வேண்டியிருந்தது.

கப்பல் கடைசியில் இறங்கியதா என்று எல்லாரும் கேட்பார்கள். இறங்கியது, அடுத்த வருஷம். அன்றைக்கு நான் ஜொய்ஸ்டிக்கை நீட்டியபோது தேவிகா மூலையில் புத்தகத்தோடு இருந்தாள். நாளைக்குக் கணக்குச் சோதினை இருக்கிறது, நீங்களே இறக்குங்கள் அக்கா, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் என்றாள்.